உறைமோர் கேட்டும் கதவைத் தட்டலாம்

“புருஷன் பொண்டாட்டி சண்டை. இன்னைக்கு நாம போய் நிப்போம், நாளைக்கு அவங்க ஒண்ணாயிடுவாங்க, நாமதான் கெட்டவங்க.” குடும்ப வன்முறையைப் பற்றி எந்த ஊரில் பேச உட்கார்ந்தாலும் முதல் கூட்டத்திலேயே இந்தப் பேச்சு வந்துவிடும். சொல்கிறவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. பாதிப் பேர் எப்போதோ ஒருநாள் போய் நின்று, பேச்சு வாங்கித் திரும்பியவர்கள். அன்று அவர்கள் தனியாகப் போனார்கள், என்ன பேசுவதென்று தெரியாமல் போனார்கள், மறுநாள் அந்தப் பெண்ணை எங்கே அழைத்துப் போவதென்றும் தெரியாது. அதனால்தான் சூடு பட்டார்கள்.

இந்தப் பேச்சுக்குப் பதில் வைத்திருக்காத பிரச்சாரம் ஊருக்குள் நிற்காது. ‘பெண்ணை அடிப்பது குற்றம்’ என்று மேடை போட்டுச் சொல்வது அதற்குப் பதில் ஆகாது. அது குற்றம் என்று அவர்களுக்கும் தெரியும். அடுத்த ஒரு மணி நேரத்தில் யார் என்ன செய்யவேண்டும் என்பதுதான் தெரியாது.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள, திருமணமான பெண்களில் ஏறத்தாழ 38 சதவீதம் பேர் கணவனிடமிருந்து உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். அதே ஆய்வு இந்திய அளவில் இன்னொன்றையும் சொல்கிறது: வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி தேடியவர்கள் 14 சதவீதம்தான், 77 சதவீதம் பேர் உதவியும் கேட்கவில்லை, யாரிடமும் வாய் திறக்கவும் இல்லை. ஆனால் அவள் வாய் திறக்காவிட்டாலும் தெருவுக்குத் தெரியும். ஒரு சுவரை இரண்டு வீடு பங்கு போடும் லைன் வீடுகளில் பாத்திரம் விழும் சத்தத்துக்கும் ஆள் விழும் சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் கிடையாது. ஊர்ப் பிரச்சாரத்தின் வேலை, அப்படித் தெரிந்துவைத்திருப்பவர்களைத் தயார்ப்படுத்துவது.

நவம்பர் 25 வந்தால் ஊர்வலம், டிசம்பர் 10 வந்தால் உறுதிமொழி. பெண்கள் மீதான வன்முறைக்கு எதிரான அந்தப் பதினாறு நாள் இயக்கம் 1991 முதல் உலகமெங்கும் நடக்கிறது, அதை மதிக்கிறேன். ஆனால் பின்னால் ஏற்பாடு எதுவும் இல்லாமல் ஊர்வலம் மட்டும் நடத்தினால் ஆபத்து. ஊர்வலத்தைப் பார்த்துத் துணிந்து ஒரு பெண் இரவில் கதவைத் திறந்து வெளியே வருகிறாள். எந்த வீட்டுக்குப் போவது? யாரை அழைப்பது? பதில் இல்லாமல் அவள் திரும்ப அதே வீட்டுக்குள் போனால், அடுத்த அடி முன்னைவிடப் பலமாக விழும். ஆகவே முதலில் உதவி, பிறகுதான் மைக்.

உதவி என்றால் எண்களை அச்சடிப்பது மட்டும் இல்லை. ஒவ்வொன்றையும் நேரில் போய்ப் பார்த்துவிட வேண்டும். 181 பெண்கள் உதவி எண்ணுக்கு ஒருமுறை பகலிலும் ஒருமுறை இரவு பதினோரு மணிக்கும் அழையுங்கள். உங்கள் மாவட்டத்தில் இரவில் வண்டி வருமா, வர எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மாவட்டத்து ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு (சகி மையம் என்றும் சொல்வார்கள்) இரண்டு பேராவது நேரில் போய்வாருங்கள். தற்காலிகமாகத் தங்க அங்கே ஐந்து நாள் வரை இடம் உண்டு. பிள்ளைகளோடு வரலாம், ஆனால் வளர்ந்த ஆண் பிள்ளைகளுக்கு வயது வரம்பு இருக்கிறது. பதின்மூன்று வயது மகனை எங்கே விடுவது என்பது நள்ளிரவில் யோசிக்கிற கேள்வி அல்ல. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் (குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் தகவல் வாங்கி நடவடிக்கை எடுக்கும் அதிகாரி) யார், எந்த நாளில் களத்துக்குப் போவார், எந்த நாளில் இருக்கையில் இருப்பார் என்று கேளுங்கள். உங்கள் பகுதி எந்த அனைத்து மகளிர் காவல் நிலையத்தின் எல்லைக்குள் வருகிறது என்பதையும் உறுதி செய்யுங்கள். 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் மகளிர் காவல் நிலையம் திறந்த காலத்திலிருந்து இன்றுவரை எல்லைக் குழப்பம் தீரவில்லை. “இது எங்க லிமிட் இல்லம்மா” என்ற ஒரு வாக்கியம் எத்தனையோ பெண்களைப் பேருந்து நிலையத்தோடு திருப்பி அனுப்பியிருக்கிறது. தாலுகா நீதிமன்றத்தில் சட்டப் பணிகள் குழு இருக்கும். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தரவேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டம். அதற்கான உதவி எண் 15100. பிள்ளைகளுக்கு 1098. மகனிடம் அடிவாங்கும் அம்மாக்களுக்கு, அப்பாக்களுக்கு 14567. இலங்கையில் இருந்து படிப்பவர்களுக்குக் குடும்ப வன்முறைக்கு வேறு சட்டம், 2005-ஆம் ஆண்டின் 34-ஆம் இலக்கச் சட்டம். அங்கே இடைக்காலக் கட்டளை 14 நாள், பாதுகாப்புக் கட்டளை 12 மாதம் வரை. மகளிருக்கான எண் 1938.

இந்த வேலைக்கு ஒரு மாதம் தாராளமாகப் பிடிக்கும். இதைச் செய்யாமல் நோட்டீஸ் அடிக்காதீர்கள்.

அடுத்தது ஆட்கள். ஒரு குக்கிராமத்துக்கோ நகரத்தில் இரண்டு மூன்று தெருவுக்கோ பத்துப் பன்னிரண்டு பேர் போதும். சுய உதவிக் குழுவில் கணக்கு எழுதுகிற அக்கா, அங்கன்வாடிப் பணியாளர், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மாத்திரை கொண்டுவரும் பெண், ஆட்டோ ஸ்டாண்டில் நாலு பேர் மதிக்கிற ஒருவர், கல்லூரிக்குப் போகும் பிள்ளை ஒன்று என்று கலந்து இருக்கட்டும். ஒரே சாதித் தெருவிலிருந்து எல்லாரையும் எடுத்தால் மற்றத் தெருக்காரர்கள் வாய் திறக்கமாட்டார்கள். வட்டிக்கு விடுகிறவர் வேண்டாம்; கடன் வாங்கியவள் அவரிடம் மனம் விட்டுப் பேசமுடியாது. தன் வீட்டில் கை நீட்டுகிறவர் என்று ஊருக்கே தெரிந்த ஆண், எத்தனை பெரிய கட்சிக்காரர் ஆனாலும் வேண்டாம். ஒரே ஒரு ஆள் அப்படி இருந்தாலும் மொத்தக் குழுவின் பேச்சும் எடுபடாது.

பயிற்சியின் முக்கியமான பகுதி, சத்தம் கேட்டவுடன் என்ன செய்வது என்பது. 2008-ல் ‘பிரேக்த்ரூ’ என்ற அமைப்பு இந்தியாவில் நடத்திய ‘பெல் பஜாவோ’ இயக்கத்தின் விளம்பரங்களில், அடி விழும் சத்தம் கேட்கும் வீட்டின் அழைப்புமணியை ஒருவர் அழுத்துவார், ஏதாவது ஒரு சாக்குச் சொல்வார். அவ்வளவுதான். நியாயம் கேட்கமாட்டார். அந்தச் சின்ன இடையூறே கையை இறக்கவைக்கும் என்பதுதான் அதன் கணக்கு. நம் ஊரில் அதற்கு ஆயிரம் சாக்கு உண்டு. “உறை ஊத்தக் கொஞ்சம் மோர் இருக்கா?” என்பது இரவு பத்து மணிக்கு யாரும் யார் வீட்டிலும் கேட்கக்கூடியது. “உங்க வீட்ல கரன்ட் இருக்கா?”, “மோட்டார் ஓடுதே, டேங்க் வழியுது பாருங்க” இதெல்லாமும் ஆகும். சாக்கு நம்பும்படி இருக்கவேண்டும் என்றுகூட இல்லை. வெளியே ஆள் நிற்கிறது, காதில் விழுந்துவிட்டது என்று அவனுக்குப் புரிந்தால் போதும்.

இதில் பிசகுவது எங்கே என்பதையும் சொல்லிவிட வேண்டும். தனி ஆளாக இளைஞன் ஒருவன் போய் நிற்கக்கூடாது. “அவன் ஏன்டி உனக்குப் பரிஞ்சுக்கிட்டு வர்றான்?” என்று அன்றிரவே இன்னொரு சுற்று ஆரம்பிக்கும். இரண்டு பேராகப் போங்கள், ஒருவர் வயதான பெண்ணாக இருந்தால் நல்லது. வாசற்படியைத் தாண்டாதீர்கள். அவன் வெளியே போக வழி விட்டு நில்லுங்கள். மறித்துக்கொண்டு நின்றால் கைகலப்பாகும். அவன் எதிரில் அவளிடம் “அடிச்சானாம்மா?” என்று கேட்காதீர்கள், அவள் இல்லை என்றுதான் சொல்வாள், சொல்லிவிட்டால் அடுத்த முறை கேட்பதற்கும் வழி அடைந்துபோகும். பிள்ளைகளை “வாங்கடா, டிவி பாக்கலாம்” என்று வெளியே கூப்பிடமுடிந்தால் கூப்பிடுங்கள். செல்போனில் படம் பிடிக்காதீர்கள். பிடித்தது அடுத்த அரைமணியில் ஊர் வாட்ஸ்அப் குழுவில் இருக்கும், அதன்பின் அந்தப் பெண் வெளியில் தலைகாட்டமாட்டாள்.

கத்தி, அரிவாள், மண்ணெண்ணெய், பெட்ரோல், திறந்துவிட்ட காஸ் சிலிண்டர், இதில் எது இருந்தாலும் கதவுக்குப் போகவே கூடாது. அவசர உதவி எண் 112-ஐ அழைத்து, இப்போது அடி விழுகிறது, கையில் என்ன ஆயுதம், உள்ளே எத்தனை குழந்தைகள், எங்கே என்ற நான்கையும் முதல் மூச்சிலேயே சொல்லவேண்டும். முகவரியைத் தெருப் பெயரோடு நிறுத்தாமல், ‘ரேஷன் கடைக்கு எதிர்ச் சந்து, மூணாவது வீடு, நீலக் கேட்’ என்று சொல்லிப் பழகுங்கள். பயிற்சியில் இதை ஒவ்வொருவரும் சத்தமாகச் சொல்லிப் பார்க்கவேண்டும். பதற்றத்தில் சொந்தத் தெருப் பெயரே மறந்துபோகும். அழைத்த நேரத்தையும் காவலர் வந்த நேரத்தையும் நோட்டில் குறித்துவையுங்கள். அந்த நோட்டு பிறகு உதவும்.

“நாம போய்ச் சொன்னா நம்ம மேல கேஸ் போட்டுட்டா?” என்ற பயத்துக்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, வன்முறை நடந்தது, நடக்கிறது, நடக்கக்கூடும் என்று நம்பக் காரணம் உள்ள யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம் என்கிறது. நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர் மீது சிவில் பொறுப்பும் கிரிமினல் பொறுப்பும் வராது. சொந்தக்காரராக இருக்கவேண்டியது இல்லை. 2006 விதிகளில் 9-ஆவது விதி இன்னும் ஒரு படி போகிறது: அவசர நிலை என்று தொலைபேசியிலோ மின்னஞ்சலிலோ நம்பத்தகுந்த தகவல் வந்தால் பாதுகாப்பு அலுவலர் காவலரைக் கூட்டிக்கொண்டு சம்பவ இடத்துக்கே போகவேண்டும். ஊர்க் கூட்டத்தில் இந்த இரண்டையும் வாசித்துக்காட்டுங்கள். முகங்கள் மாறுவதைப் பார்ப்பீர்கள்.

மறுநாள் அவளைச் சந்திப்பது தனி வேலை. அவன் வேலைக்குப் போன நேரத்தில், தண்ணீர்க் குழாயடியிலோ ரேஷன் கடை வரிசையிலோ, யாரும் கவனிக்காதபடி. வாட்ஸ்அப்பில் வேண்டாம், அந்தப் போனை அவன்தான் பார்ப்பான். சொல்லவேண்டியது கொஞ்சம்தான்: “நீ சொல்றத நான் நம்புறேன். இது உன் தப்பில்ல. என்ன செய்யணும்னு நீதான் முடிவு பண்ணணும், நாங்க கூட இருக்கோம்.” “ஏன் இவ்வளவு நாள் பொறுத்துக்கிட்ட?” என்று அக்கறையோடு கேட்டாலும் அது குற்றச்சாட்டாகத்தான் விழும். “புள்ளைங்க முகத்தப் பாத்துப் பொறுத்துக்கோ” என்பதை அவள் அம்மாவும் மாமியாரும் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது.

உடனே வெளியே வா என்று அவசரப்படுத்தாதீர்கள். ஒரு பெண் பிரிந்து போக முடிவெடுக்கும் நாட்களும் போன முதல் சில வாரங்களும்தான் உயிருக்கு அதிக ஆபத்தானவை, ஏனென்றால் கட்டுப்பாடு கைவிட்டுப் போகிறது என்று அவனுக்குத் தெரிவது அப்போதுதான். எனவே ஆபத்தின் அளவைக் கேட்டறிய வேண்டும். கழுத்தை நெரித்தானா? எண்ணெயை ஊற்றிக் கொளுத்துவேன் என்றானா? எங்கே போனாலும் பின்தொடர்கிறானா? அவள் கர்ப்பமாக இருக்கிறாளா? ‘நீ போனா நான் செத்துருவேன்’ என்கிறானா? இவற்றில் கழுத்து நெரிப்பை மிகக் கவனமாகக் கேளுங்கள். வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. குரல் கரகரத்திருக்கும், விழுங்கினால் வலிக்கும், கண் வெள்ளையில் சிவப்புப் புள்ளிகள் தெரியலாம். இரண்டு நாள் கழித்துக்கூட மூச்சுத் திணறல் வரக்கூடும். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், அவள் ‘ஒண்ணுமில்லக்கா’ என்றாலும்.

ஆஸ்பத்திரியில் அவள் என்ன சொல்கிறாள் என்பது இரண்டு வருடம் கழித்து நீதிமன்றத்தில் பேசும். அரசு மருத்துவமனையில் போடும் விபத்துப் பதிவேட்டின் நகலை எல்லாரும் ‘ஏ.ஆர். காப்பி’ என்பார்கள். கூட வந்த மாமியாருக்குப் பயந்து ‘பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன்’ என்று சொன்னால் அதில் அப்படியே ஏறிவிடும். பிறகு எத்தனை சாட்சி வந்தாலும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த ஒரு வரியைத்தான் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். ஆகவே குழுவிலிருந்து ஒரு பெண் கூடப் போகவேண்டும், மருத்துவரிடம் அவள் தனியாகப் பேச ஏற்பாடு செய்யவேண்டும். ‘கணவர் கையால், கட்டையால், இன்ன நேரத்தில்’ என்று அவள் வாயாலேயே சொல்லட்டும். காயத்தைப் படம் எடுக்கும்போது முகத்தோடு சேர்த்து ஒன்று, கிட்டத்தில் ஒன்று. கன்றிப்போன இடம் இரண்டாம் மூன்றாம் நாள்தான் நன்றாக நிறம் காட்டும். அப்போது இன்னொரு முறை எடுங்கள். படங்களை அவள் போனில் வைக்காதீர்கள்.

காவல் நிலையத்தில் புகாரை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள். அது வழக்குப்பதிவு இல்லை, மனு ஏற்பு மட்டுமே. குடும்ப விவகாரங்களில் முதற்கட்ட விசாரணை நடத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் லலிதா குமாரி வழக்கில் சொன்னதைக் காட்டி நாளைக் கடத்துவதும் நடக்கிறது. பிறகு இருவரையும் உட்காரவைத்து, ‘இனி அடிக்கமாட்டேன்’ என்று எழுதி வாங்கி அனுப்பிவிடுவார்கள். அந்தத் தாளுக்கு எந்த வலுவும் கிடையாது, மீறினால் தண்டனையும் இல்லை. ஆனால் 2005 சட்டத்தின் 18-ஆம் பிரிவின்கீழ் நீதிமன்றம் தரும் பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். ஜாமீனில் விடமுடியாத குற்றம். இந்த வித்தியாசத்தைப் பெண்களுக்குப் புரியவைத்தாலே பிரச்சாரம் பாதி வெற்றி. கணவனும் அவன் சொந்தக்காரர்களும் செய்யும் கொடுமைக்கான பழைய 498-ஏ பிரிவு 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 85, 86 என்று மாறியிருக்கிறது. அது தண்டிப்பதற்கான வழி. வீட்டை விட்டுத் துரத்தாமல், செலவுக்குப் பணம் கிடைக்க, பிள்ளையைப் பிடுங்கிக்கொள்ளாமல் இருக்க 2005 சட்டம். இரண்டையும் சேர்த்தும் நடத்தலாம்.

அந்தச் சட்டத்தின் வாசல், ‘படிவம் 1’ எனப்படும் குடும்ப நிகழ்வு அறிக்கை. பாதுகாப்பு அலுவலரே கேட்டு எழுதுவார், கட்டணம் கிடையாது. தேதி மறந்திருந்தால் ‘போன ஆடிப் பெருக்குக்கு மறுநாள்’, ‘பெரியவளுக்குக் காதுகுத்து நடந்த வாரம்’ என்று சொன்னாலும் அதை வைத்துத் தேதியைக் கண்டுபிடித்துவிடலாம். குழுவினர் முன்கூட்டியே அவளோடு உட்கார்ந்து ஒரு தாளில் இப்படி வரிசைப்படுத்தி வைத்தால் அறிக்கை கனமாக இருக்கும். அடி மட்டும் இல்லை, திட்டு, மிரட்டல், பணத்தைப் பிடுங்குவது எல்லாமே சட்டத்தின் கணக்கில் வன்முறைதான். மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் ஏறும் ஏடிஎம் கார்டை அவன் வைத்திருந்தால் அதையும் எழுதச் சொல்லுங்கள். மனுவில் என்னென்ன நிவாரணம் வேண்டும் என்ற இடத்தில் பலர் ஜீவனாம்சத்தோடு நின்றுவிடுகிறார்கள். 19-ஆம் பிரிவுக் குடியிருப்பு உத்தரவைக் கேளுங்கள். வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் கேட்கலாம். 2020-ல் சதீஷ் சந்தர் அஹுஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கிவிட்டது. 23-ஆம் பிரிவில் இடைக்கால உத்தரவும் சேர்த்துக் கேளுங்கள். முதல் விசாரணை மூன்று நாளுக்குள், முடிவு அறுபது நாளுக்குள் என்பது சட்டத்தின் எழுத்து. நடப்பில் இழுக்கும், பெரும்பாலும் சம்மன் அவன் கையில் போய்ச் சேராததால். அவன் வேலை செய்யும் இடம், முதலாளி பெயர், இரண்டு தொலைபேசி எண், அண்ணன் வீட்டு முகவரி என்று எல்லாவற்றையும் மனுவிலேயே கொடுத்தால் பாதித் தாமதம் குறையும். அவள் அம்மா வீட்டில் தற்காலிகமாகத் தங்கியிருந்தால் அந்த ஊர் நீதிமன்றத்திலேயே மனு போடலாம். நீதிமன்றத்துக்கும் சேவை மையத்துக்கும் அலைய மகளிர் இலவசப் பேருந்து பெரிய துணை. கையில் காசில்லாதவளும் கிளம்பிவிடலாம்.

கிளம்ப ஒரு பை வேண்டும். ஆதார், ரேஷன் அட்டை, பாஸ்புக் நகல்கள், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, கல்யாணப் பத்திரிகை, ஒரு கல்யாணப் படம், சீர் கொடுத்த நகை பாத்திரங்களின் பட்டியல், மாத்திரை, மாற்றுத் துணி, சில்லறையாக ஐந்நூறு ரூபாய், பழைய பட்டன் போன் ஒன்று. பை அவள் வீட்டில் இருக்கக்கூடாது. அடுத்த வீட்டிலும் வேண்டாம், அவன் முதலில் தேடுவது அங்கேதான். இரண்டு தெரு தள்ளி.

இவ்வளவும் தயாரான பிறகு ஊருக்குள் பேச ஆரம்பிக்கலாம். எப்படிப் பேசுவது என்பதற்கு உலகத்தில் நன்றாக ஆராயப்பட்ட முன்மாதிரி ஒன்று உகாண்டாவில் இருக்கிறது. தலைநகர் கம்பாலாவில் ‘ரெய்சிங் வாய்சஸ்’ அமைப்பு உருவாக்கிய ‘சாசா!’ என்ற முறை. எட்டுப் பகுதிகளில் நான்கில் மட்டும் அதை நடத்தி, மற்ற நான்கோடு ஒப்பிட்டார்கள். ஏறக்குறைய நான்கு ஆண்டு கழித்து, 2012-ல் பார்த்தபோது, முந்தைய ஓராண்டில் கணவன் அல்லது துணைவனிடம் உடல் வன்முறைக்கு ஆளான பெண்களின் அளவு, இயக்கம் நடந்த பகுதிகளில் 52 சதவீதம் குறைவாக இருந்தது. எட்டே பகுதிகள் என்பதால் இந்த எண்ணைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் தண்டனை பயம் காட்டாமல் ஊர்ப் பேச்சை மாற்றியே அடியைக் குறைக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி நான் அறிந்து இல்லை.

அவர்கள் செய்ததில் எனக்கு முக்கியமாகப் படுவது, வன்முறையில் ஆரம்பிக்காமல் அதிகாரத்தில் ஆரம்பித்தது. யார் கையில் முடிவு இருக்கிறது என்ற பேச்சில் எல்லாருக்கும் சொல்ல ஏதாவது இருக்கும், ஆண்களுக்கும் முதலாளியிடம் கைகட்டி நின்ற அனுபவம் இருக்கும். படிப்படியாகத்தான் அடிக்கு வந்தார்கள். பிறகு உதவி, பிறகு செயல். பகண்டா மக்களிடையே கல்யாணப் பெண்ணுக்குப் புத்தி சொல்லி அனுப்புகிற உரிமை அப்பாவின் அக்கா தங்கைக்கு. ‘செங்கா’ என்பார்கள். ‘அடங்கிப் போ’ என்று சொல்லிவந்த அந்த அத்தைமாரையும் இயக்கம் தன்னோடு சேர்த்துக்கொண்டது. நம் ஊரிலும் அத்தையின் வாய்க்கு என்ன மதிப்பு என்று சொல்லவேண்டியதில்லை. கல்யாணத்தின்போது “என்னன்னாலும் எனக்கு ஒரு போன் போடு, வீடு திறந்திருக்கும்” என்று ஓர் அத்தை சபையில் சொன்னால், நூறு சுவரொட்டிக்கு மேல்.

இதை இங்கே நடத்தும் விதம் எளிது. தரையில் ஒரு கோடு. ஒரு பக்கம் ஆண், ஒரு பக்கம் பெண். ‘அம்மா வீட்டுக்குப் போக யாரிடம் கேட்கவேண்டும்? டீ குடிக்க வெளியே போனால் யாரிடம் சொல்லவேண்டும்? நூறு நாள் வேலைச் சம்பளம் யார் கையில்?’ என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, கேட்கவேண்டிய பக்கத்தில் ஒரு கல் வைக்கச் சொல்லுங்கள். பத்துக் கேள்வியில் ஒரு பக்கம் குவிந்துவிடும். விளக்கம் சொல்லாமல் விடுங்கள். அந்தக் குவியலைப் பார்த்து ஆண்களே பேச ஆரம்பிப்பார்கள், முதலில் சிரித்துக்கொண்டு, பிறகு கோபமாக. ஆண்கள் கூட்டத்தை ஆண்தான் நடத்தவேண்டும். கிரிக்கெட் டீம், ஆட்டோ ஸ்டாண்டு, டீக்கடை பெஞ்சு என்று அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போங்கள். மண்டபத்துக்குக் கூப்பிட்டால் வரமாட்டார்கள்.

குடியைப் பற்றி எல்லாக் கூட்டத்திலும் கேள்வி வரும். குடி அடியை மூர்க்கமாக்குகிறது, அதில் சந்தேகமில்லை. 1992-ல் ஆந்திராவின் நெல்லூர் மாவட்டத்துத் துபகுண்டாவில் பெண்கள் சாராயக் கடைக்கு எதிராக எழுந்ததற்கு வீட்டுக்குள் வாங்கிய அடியும் ஒரு காரணம். ஆனால் குடித்துவிட்டு வருகிறவன் முதலாளியை அடிப்பதில்லை, காவலரை அடிப்பதில்லை, வீட்டுக்கு வந்துதான் அடிக்கிறான். யாரை அடித்தால் கேள்வி வராது என்ற கணக்கு போதையிலும் தெளிவாக இருக்கிறது. கடையை மூடப் போராடுங்கள், நானும் வருகிறேன். அதையே குடும்ப வன்முறைக்கு மருந்து என்று சொல்லாதீர்கள்.

அடையாளங்கள் பற்றிச் சுருக்கமாக. கண் வீங்கிய பெண்ணின் படம் போட்ட சுவரொட்டி வேண்டாம். கன்னத்தில் காயம் இல்லாதவள் ‘எனக்கு இந்த அளவுக்கு இல்லை’ என்று நினைத்துவிடுவாள். கையில் கொடுக்கும் துண்டறிக்கை வீட்டில் அகப்பட்டால் அதற்கே அடி விழும். மூன்று அங்குல ஸ்டிக்கர், 181 என்ற எண், ஒரு வரி, போதும். பெண்கள் கழிப்பறைக் கதவின் உட்புறம், ரேஷன் கடை, செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் வரும் ஆரம்ப சுகாதார நிலையம், புதன்கிழமை தடுப்பூசி போடும் இடம்.

ஊர்ப் பஞ்சாயத்தை என்ன செய்வது என்பதுதான் மிகக் கடினமான பகுதி. ஒதுக்கினால் எதிர்க்கும், சேர்த்தால் சமாதானம் பேசிவிடும். ‘இவளும் வாய் பேசாம இருக்கணும், அவனும் கை நீட்டாம இருக்கணும்’ என்று இரண்டையும் ஒரே தட்டில் வைக்கும் தீர்ப்பு நமக்குப் புதிதல்ல. சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது: ஆலோசனையின்போது தன் வன்முறைக்கு எதிர்த்தரப்பு எந்த நியாயமும் சொல்ல அனுமதிக்கக்கூடாது என்கிறது 2006 விதி. பெரியவர்களிடம் தீர்ப்புக் கேட்காதீர்கள், அறிவிப்பு மட்டும் கேளுங்கள்: ‘எங்க ஊர்ல அடி விழுந்தா போலீசுக்குச் சொல்றவங்களை ஊர் தடுக்காது.’ இதைச் சொல்லவைத்தால் போதும். பெண்களே சபை அமைத்த முன்னுதாரணமும் நம்மிடம் உண்டு. புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் முன்னின்று உருவாக்கிய முஸ்லிம் பெண்கள் ஜமாத், ஆண்கள் மட்டும் உட்கார்ந்து முடிவெடுத்த தலாக், வரதட்சணை, அடி உதை விவகாரங்களைப் பெண்கள் உட்கார்ந்து விசாரிக்கும் இடமாக ஆனது. எத்தனை எதிர்ப்பு வந்தும் நின்றது.

கணவன் அடிப்பது மட்டுமே குடும்ப வன்முறை என்று பிரச்சாரம் குறுகிவிடவும் கூடாது. வேறு சாதிப் பையனைக் காதலிக்கிறாள் என்று அறையில் பூட்டப்படும் மகளுக்கும், மகனிடம் அடிவாங்கும் தாய்க்கும் இதே சட்டம் பொருந்தும். மகளின் விஷயத்தில் ஊர் முழுக்க எதிர்ப்பக்கம் நிற்கும். அங்கே உறைமோர் உத்தி உதவாது. 181-க்கும் 112-க்கும் தகவல் சொல்லிவிட்டு, சொன்னவர் யார் என்பதை வெளியே விடாமல் காப்பதே குழுவின் வேலை.

முதல் ஆறு மாதத்தில் புகார்கள் கூடும். அதிகாரிகளும் ஊர்க்காரர்களும் ‘நீங்க வந்தப்புறம்தான் பிரச்சினை அதிகமாச்சு’ என்பார்கள். அப்படித்தான் ஆகவேண்டும், இத்தனை நாள் அடைத்துவைத்தது வெளியே வருகிறது. கணக்கு வைக்கவேண்டியது ஊர்வலத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதை இல்லை. எத்தனை முறை யாராவது கதவைத் தட்டினார்கள், 112-க்குச் சொல்லி எத்தனை நிமிடத்தில் வண்டி வந்தது, படிவம் 1 எழுத எத்தனை நாள் ஆனது, எங்கே திருப்பி அனுப்பினார்கள். நோட்டில் பெண்ணின் பெயர், தெரு எதுவும் வேண்டாம். தேதி, நேரம், அலுவலகம், நடந்தது மட்டும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தக் கணக்கை ஒரே பக்கத் தாளாக்கி, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் மனுவாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். கிராமமானால் கிராம சபை இருக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானத்தில் ‘வன்முறையைக் கண்டிக்கிறோம்’ என்று எழுதினால் அதை வைத்து யாரையும் எதுவும் கேட்கமுடியாது. ‘181 எண்ணை ஊராட்சி அலுவலகம், ரேஷன் கடை, பள்ளிச் சுவரில் எழுத ஊராட்சி நிதி ஒதுக்கவேண்டும், பாதுகாப்பு அலுவலர் காலாண்டுக்கு ஒருமுறை ஊராட்சி அலுவலகத்தில் முகாம் நடத்தவேண்டும், இரவில் பழுதான தெருவிளக்குகளைப் பதினைந்து நாளில் சரிசெய்யவேண்டும்’ என்று எழுதுங்கள். தீர்மான எண்ணோடு நகல் கேட்டு வாங்குங்கள், கையெழுத்தும் முத்திரையும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த கிராம சபையில் முதல் கேள்வியாக அந்த எண்ணைச் சொல்லி, எதெல்லாம் நடந்தது என்று கேட்க இரண்டு பெண்களை முன்கூட்டியே தயார் செய்யுங்கள்.